என் மகள் படத்துக்கு மாலை போட்டார்கள்

எனக்குச் சரியாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதுவும் பர்மாவில், பஸ்ஸீன் ஊரில், ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடம். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பெயர்களும் மறந்துபோகின்றன. பர்மாவிலிருந்து வந்தவர்கள் நடத்தும் இந்தப் பத்திரிகையின் ஆட்கள் வீடு தேடி வந்து, என் புதுப் படங்களைப் பற்றியும் அவை எப்படி மனசில் தோன்றுகின்றன என்பதைப் பற்றியும் கண்காட்சிகளில் நடந்ததைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டியது தப்பு என்று அன்றைக்கே தெரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. வாயால் சொன்னால் எனக்குக் குரல் நடுங்கும், கேட்பவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திருச்சிராப்பள்ளிக்கு வந்த முதல் கோடையில் என்னைத் திகைக்க வைத்தது வர்ணம் காய்கிற வேகம். பஸ்ஸீனில் வருஷத்தில் பாதி மழை. திங்கட்கிழமை பூசிய புடவைக் கரை வெள்ளிக்கிழமை தொட்டாலும் விரலில் ஒட்டும். மேஜைக்கு அடியில் கரிச்சட்டி வைத்து அனல் காட்டுவேன். கொஞ்சம் கவனம் பிசகினால் முகத்தின் மேல் பூசணம் பூத்துவிடும். இங்கே எல்லாம் தலைகீழ். கன்னத்தில் ஒரு நிறம் வைத்துவிட்டுத் தூரிகையைத் துடைத்துத் திரும்புவதற்குள் அது இறுகிவிடுகிறது. கன்னமும் கழுத்தும் ஒன்றோடு ஒன்று குழையாமல் நடுவில் கோடு விழுகிறது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் தம்பி வீட்டில் எனக்கு ஒரு ஜன்னல் ஓரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, அந்த ஈரக்காற்றில் வரையப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டி நின்று, “யாருக்குங்க அம்மை போட்டிருக்கு?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை, வர்ணம் காயாமல் இருக்கத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் காலையில் வாசலில் ஒரு கட்டு வேப்பிலை கிடந்தது. அன்றைக்குச் சிரித்தேன். இந்த ஊர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நாம் சொல்வதைக் காதில் வாங்காது என்று அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

என் அப்பா மருங்காபுரிப் பக்கத்துக்காரர். வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டுக் கப்பலேறி, மில்லில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனவர். நான் அங்கேயே பிறந்து அங்கேயே கல்யாணமாகி அங்கேயே தாலியறுத்தவள். என் வீட்டுக்காரர் பஸ்ஸீன் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் உட்கார்ந்து வர்ணம் கொடுப்பேன். உதட்டுக்குச் சிவப்பு, பர்மியர் இடுப்பில் கட்டும் லோன்ஜிக்குப் பச்சை, நம்மவர்களாக இருந்தால் நெற்றியில் பொட்டு. இப்படித்தான் எனக்குப் படம் வந்தது, யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஊரில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பெண் வயசுக்கு வந்தால் படம், வேலை கிடைத்தால் படம், புதுச் சைக்கிள் வாங்கினால் அதன் மேல் கை வைத்துக்கொண்டு ஒரு படம். கறிகாய் விற்கிற பர்மியப் பெண்ணின் வீட்டுச் சுவரில்கூட அவள் படமே தொங்கும், அதற்குக் கீழே அவளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் வர்ணம் கொடுத்த முகங்களில் பாதிப் பேரை மறுநாள் கடைத்தெருவில் நேரிலேயே பார்ப்பேன். சுவரில் தொங்குகிற ஆள் உயிரோடு இருக்கிற ஆள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் ஒரே மகள் தையல்நாயகி. அவளை இந்தத் திருச்சியில்தான் கட்டிக்கொடுத்தோம், தூரத்து உறவு. மாப்பிள்ளைக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் வேலை. அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது பார்க்க வந்தவள், காரியம் முடிந்தும் எனக்குத் துணையாகக் கொஞ்ச நாள் தங்கினாள். அதற்குள் யுத்தம் வந்து கப்பல் நின்றுபோயிற்று. பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நீங்களும் அந்த வழியில் நடந்தவர்கள்தான். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள். புரோம் படகுத்துறையில் ஐராவதியைக் கடக்க வேண்டும். கூட்டத்தைத் தடியால் தள்ளித் தள்ளிப் படகில் ஏற்றினார்கள். என்னைத் தூக்கிப் போட்டது போல ஏற்றிவிட்டார்கள். தையல் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். “நீ போம்மா, அடுத்த படகுல வரேன்” என்றாள். அடுத்த படகு வரவில்லை. ஆகாய விமானம் வந்தது, துறையை மூடிவிட்டார்கள். எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த என்னைக் கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு நடந்தார்கள், அங்கே வாந்திபேதி பரவியிருந்தது. வழியில் செத்தவர்களைப் பார்த்தேன். மரத்தடியில் உட்கார்ந்தபடியே செத்தவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே செத்தவர்கள். அவர்கள் முகமெல்லாம் எனக்குத் தெரியும். அதில் என் மகள் முகம் இல்லை. அவள் செத்ததை நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு வந்த திருவெள்ளறைக்காரர் ஒருவர், பர்மாவில் ஹென்ஸாடா பஜாரில் நம் ஊர்த் தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி வெற்றிலை விற்றதைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். பார்த்தேன் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பார்த்த மாதிரி என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். செத்ததைப் பார்த்த மாதிரி என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எங்களிடம் இருந்த போட்டோ எல்லாம் பஸ்ஸீன் வீட்டோடு போயிற்று. மாப்பிள்ளை வீட்டிலும் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தில்கூட எடுக்க விடவில்லை. ஆகவே நான் மனசிலிருந்து எடுத்து வரைந்தேன். போர்டு எழுதுகிறவர்கள் வாங்கும் பெயிண்ட், மரப்பெட்டிப் பலகை, நனைந்த சாக்கு, இவ்வளவுதான் சாமான். மழைத் தெரு, மில் துறை, படகுகள் என்று சில படங்கள் வரைந்து கை பழகிய பிறகு அவளை வரைந்தேன். நாற்காலியில் நேராக உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். மாம்பழ மஞ்சள் புடவை, நெற்றியில் பொட்டு. ஸ்டூடியோவில் உட்கார வைத்தால் எப்படி உட்காருவாளோ அப்படி.

பெரிய கடை வீதியில் சட்டம் போடும் ராவுத்தர் கடைக்குத் தம்பியோடு எடுத்துப் போனேன். ராவுத்தர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். “புள்ளயா? அல்லா பொறுமையக் குடுக்கட்டும்” என்றார். நான் காணாமல் போனதற்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எந்த நாளைக்குள் வேண்டும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அவர் மனசுக்குள் திவசம் என்று எழுதிக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “எங்க வூட்டுல படம் மாட்டுற வழக்கம் இல்லம்மா. ஆனா இந்த ஊருல போய்ச் சேந்தவங்க அம்புட்டுப் பேருக்கும் நாந்தான் சட்டம் போட்டிருக்கேன்.” தம்பி சிரித்தான், நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை படம் வந்தபோது சட்டத்தின் தலையில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி இருந்தது. நான் கேட்காதது. அழகுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கடையில்தான் ஸ்ரீரங்கத்துக் கலைச் சங்கத்தின் செயலாளர் என் படகுப் படத்தைப் பார்த்தார். வக்கீல், பெரிய படிப்பு, நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதை இப்போதும் மறுக்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் ஜனம் முழுக்க ஸ்ரீரங்கத்துக்கு வரும், அப்போது ஒரு பள்ளிக்கூட ஹாலில் சித்திரக் கண்காட்சி வைக்கப்போகிறோம், உங்கள் படங்களும் இருக்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பஸ்ஸீனில் இருந்தவரை நான் வர்ணம் கொடுத்த படத்துக்குக் கீழே ஸ்டூடியோ பெயர்தான் இருக்கும். என் பெயர் போட்டு, நாலு பேர் பார்க்க, சுவரில் மாட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னது இந்த வயசில்தான். முதல் நாள் ஹாலின் பின்பக்கம் ஒரு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், பார்க்கிறவர்களை நான் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது.

சொர்க்க வாசல் தாண்டி வந்த கூட்டம் அப்படியே ஹாலுக்குள் வந்தது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையில் துளசியும் பூவுமாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். என் பஸ்ஸீன் ஆற்றைப் பார்த்து ஒரு பெரியவர் இது எந்தத் தீர்த்தம் என்று கேட்டார். இன்னொருவர் யமுனையாக இருக்கும் என்றார், கடைசியில் இரண்டு பேரும் அது கங்கைதான் என்று முடிவு செய்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மில் துறைப் படத்தின் சட்டத்தில் யாரோ துளசி செருகினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, தட்டிக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் போனபோது தையல் படத்துக்கு முன்னால் மட்டும் கூட்டம் நின்றது. ஊதுபத்திப் புகை. கிட்டப் போனேன். கொக்கியிலிருந்து சம்பங்கி மாலை தொங்கியது, அவள் தோள் தெரியாமல். நான் ஒற்றை மயிர்த் தூரிகையால் வைத்த பொட்டின் மேல் யாரோ கட்டை விரலால் குங்குமத்தை அப்பியிருந்தார்கள். கீழே ஒரு வெற்றிலையில் விபூதி, வாழைப்பழம். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து புரிந்தது. வேப்பிலை புரிந்தது, ராவுத்தர் கேட்டது புரிந்தது, கொக்கி எதற்கென்று புரிந்தது. இந்த ஊரில் ஒற்றை ஆளாக நேரே பார்க்கிற படம் சட்டம் போட்டுச் சுவரில் ஏறினால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இங்கே சுவரில் இடம் கிடையாது.

நான் அதிகம் பேசாதவள். ஆண்கள் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து நின்றதுகூடக் கிடையாது. அன்றைக்கு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி மாலையைக் கழற்றிக் கீழே போட்டேன். ஒரு பெண்பிள்ளை, “ஐயோ, செத்தவங்க மாலையைப் பறிக்கலாமா, யாரு இந்தக் கெழவி?” என்றாள். செயலாளர் ஓடி வந்தார். மாலையைப் போட்டவர் அவர்தான். சொந்தப் பணத்தில் கோயில் வாசலில் வாங்கி, ஒரு தாயின் துக்கத்துக்குச் சங்கத்தின் மரியாதையாக இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்.

“எம் பொண்ணு சாகலைங்க” என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

அவர் கை குவித்தார். “மனசைத் தேத்திக்கோங்கோம்மா. பரமபத வாசல் தொறந்திருக்கற நாள்ல அவளுக்கு மாலை விழுந்திருக்கு, எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த பாக்யம்?”

“சாகலைங்கறேன்.”

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, “பாவம், தாளலை” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். அந்த இரண்டு வார்த்தையை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் சொன்னது ஒரு செய்தி. அதைத் துக்கத்தின் பிதற்றலாக ஆக்கி, என் மேலேயே பரிதாபப்பட்டுவிட்டார்கள். படத்தை எடுத்துக்கொண்டு தம்பியோடு பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன். குங்குமத்தைத் துணியால் துடைத்தேன், எண்ணெய் வைத்துத் துடைத்தேன். சிவப்பு கீழே இருந்த வர்ணத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

அத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். ஏகாதசிக்குப் பொன்மலையிலிருந்தும் ஜனம் வந்திருந்தது. நாலு நாள் கழித்துச் சம்பந்தியம்மாள் தட்டில் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். அவருக்கு மறு கல்யாணம் பேசுவது எனக்கு முன்பே காதில் விழுந்ததுதான். நான் ஒத்துக்கொள்ளாததால் பெண் வீட்டார் தயங்கிக்கொண்டிருந்தார்கள், மூத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று பெற்றவளே சொல்கிறபோது எப்படிக் கொடுப்பது என்று. இப்போது அந்தத் தயக்கம் போய்விட்டது.

“நீங்களே மாலை போட்டு வெச்சுட்டீங்க, ஊரே பாத்துருச்சு சம்பந்தியம்மா. இனிமே என்ன இருக்கு? தையில முகூர்த்தம் வெச்சிருக்கோம்.”

“நான் போடலைங்க.”

“யாரு போட்டா என்ன, விழுந்தது விழுந்ததுதானே?” என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார். இரண்டாம் கல்யாணத்துக்கு முன்னால், போய்விட்ட மூத்தவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசாக வருகிறவளை அவள் வாழவிட மாட்டாள் என்று இங்கே ஒரு பயம் உண்டு. படைப்பதற்கு ஒரு முகம் வேண்டும். அவர்கள் வீட்டில்தான் முகம் இல்லையே. “அந்தப் படத்தை ஒரு நாளைக்குக் குடுங்க. பட்டுப் பொடவை எடுத்திருக்கேன், கொறை வெக்க மாட்டேன்.”

ஆயுசு குறையும் என்று உயிரோடு இருந்தவளைப் படம் எடுக்க விடாதவர்கள், இப்போது சாகடிப்பதற்கு என் படத்தைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. ஆனால் குரல் அன்றைக்கு நடுங்கவில்லை.

“படையல் வாங்கிக்கறதுக்கு எம் பொண்ணு தெய்வமாகலை. அவ பசிச்சா சோறு கேக்கறவ. எங்கயோ ஒரு பஜார்ல உக்காந்து அவளே பொங்கித் தின்னுக்கிட்டு இருப்பா.”

சம்பந்தியம்மாள் தட்டை நகர்த்தினார். “உங்களுக்கு வயசாயிருச்சு, பாவம், பேசறது உங்களுக்கே தெரியலை” என்றார். எல்லாரும் கையில் அந்தப் பாவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள், விபூதி மாதிரி எடுத்து எடுத்துப் பூசுகிறார்கள்.

வாசற்படியிலிருந்து மாப்பிள்ளை, “எத்தனை வருஷந்தான் அத்தை காத்துக்கிட்டு இருக்கறது?” என்றார்.

“நீங்க எத்தனை தடவை தேடுனீங்க மாப்பிள்ளை?”

கப்பல் ஓட ஆரம்பித்த மாதமே அவரிடம் சொன்னேன், ரங்கூன் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போடுங்கள், அங்கே திரும்பிப் போகிறவர்களிடம் விசாரியுங்கள் என்று. ஆகட்டும் அத்தை என்றார். அந்த ஆகட்டுமோடு சரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சின்ன வயசு, தனி ஆள் என்று என் தம்பி சொல்வான். நான் அப்படி எழுத மாட்டேன். குற்றம் உண்டு. படத்தைக் கொடுக்கவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. படத்துக்குப் பதிலாக ஒரு பித்தளைக் குடத்துக்கு அந்தப் பட்டுப் புடவையைச் சுற்றி, மஞ்சளில் முகம் வைத்துப் படைத்தார்களாம். தம்பி மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றான். நீ அங்கே ஒரு வாய் சாப்பிட்டால்கூட அவள் செத்தாள் என்று நாம் ஒத்துக்கொண்ட மாதிரி என்றேன். போகவில்லை.

என் புதுப் படங்கள் அந்தக் கோபத்தில் வந்தவைதான். எப்படித் தோன்றியது என்று கேட்டீர்களே, இப்படித்தான். ஒற்றை முகமாக வரைந்தால் மாலை போட்டுவிடுவார்கள் என்றால், நான் ஒற்றை முகம் வரைய மாட்டேன். புரோம் படகுத்துறையை வரைந்தேன், கரை கொள்ளாத ஜனம். மலைப்பாதையை வரைந்தேன், முதுகும் மூட்டையுமாக மேலே ஏறுகிறவர்கள், சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள். சிட்டகாங் முகாமில் கஞ்சிக்கு நிற்கிற வரிசை. கல்கத்தாவிலிருந்து மதராஸ் வருகிற ரயிலில் ஜன்னல் ஜன்னலாக முகங்கள். ஒவ்வொன்றிலும் தையல் இருக்கிறாள். எந்த இடத்தில் என்று எனக்கு மட்டும் தெரியும். கஞ்சி வரிசையில் அவள் கால் மாற்றி நிற்கிறாள். ரயிலில் உள்ளே, ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்தில் நிற்கிறவளுக்கு எவனும் மாலை போட முடியாது. வர்ணம் இங்கே சீக்கிரம் காய்வதால் முகங்களைக் குழைக்க முடியாமல் வெட்டு வெட்டாக வைக்கிறேன். பார்த்தவர்கள் அதைப் புது முறை என்கிறார்கள். முறையும் இல்லை ஒன்றும் இல்லை, ஆத்திரம்.

இந்தப் படங்களை இந்த ஆடியில் திருச்சி டவுனில் ஒரு கல்லூரி ஹாலில் வைத்தார்கள். வேறு ஆட்கள், ஸ்ரீரங்கத்துச் சங்கம் இல்லை. நான் தட்டிக்குப் பின்னால் உட்காரவில்லை, படங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பூ எடுத்து வந்தவர்களைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கல்லூரிப் பையன்கள் வந்து தூரத்திலிருந்து பார்த்தார்கள், கிட்ட வந்து பார்த்தார்கள், பர்மாக்காரி படம் என்று பேசிக்கொண்டார்கள். அங்கே இருந்தபோது என்னைக் கலாமா என்பார்கள், இந்தியாக்காரப் பெண்பிள்ளை என்று அர்த்தம். இங்கே வந்து பர்மாக்காரியானேன். எந்த ஊரிலும் என்னை மற்ற ஊருக்குத்தான் தள்ளிவிடுகிறார்கள். உப்பிலியபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ரங்கூன் போனவர், திரும்பவில்லை. மலைப்பாதைப் படத்தில் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆளின் மேல் விரலை வைத்து, “இவரை எங்கங்க பாத்தீங்க?” என்றாள். நான் பார்க்கவில்லை, அது யாரோ ஒரு முகம், கையில் வந்ததை வைத்தேன் என்று சொன்னேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. “நடந்துதானே போறாரு, நல்லா நடக்கறாரு” என்று சொல்லிவிட்டு, ஹால் மூடுகிறவரை அங்கேயே நின்றாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை. ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன்.

அந்த முதல் படத்தை என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ராவுத்தருக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே கொக்கியைப் பிடுங்கினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருக்க மாட்டேனே என்று வருத்தப்பட்டார். அவருடைய அக்காள் மகன் பஸ்ஸீனில் தங்கள் பழைய துணிக்கடையைத் திறக்கக் கப்பலேறினார். அவரிடம் படத்தைக் கொடுத்து, கடை வாசலில் தெருவைப் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரில் யாரும் மாலை கொண்டு வர மாட்டார்கள். யார் இந்தப் பெண், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்பார்கள். இங்கே கேட்கிறவர்கள் எல்லாரும் எப்போது போனாள் என்றுதான் கேட்கிறார்கள். அவள் முகம் அந்தக் கரையில் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் இந்தக் கரையில் கூட்டங்களை வரைந்துகொண்டிருக்கிறேன்.

நான் எழுதியதில் ஊர்ப் பெயர்கள் முன்பின்னாக இருக்கலாம். அந்த வழியில் நடந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். தையல் சின்ன வயசில் ஸ்டூடியோ படியில் விழுந்து புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவளை எப்போதும் எதிரே வைத்தே பார்த்தவளுக்கு இடதா வலதா என்று இப்போது குழம்பிவிட்டது. படத்தில் இடப் புருவத்தில் வைத்திருக்கிறேன். கப்பல் போன பிறகு சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார். அவரைக் கேட்க மாட்டேன். பஸ்ஸீனில் எங்கள் தெருவில் இருந்தவர்கள், அவளோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தப்பாக இருந்தால் போர்டு எழுதுகிறவர் யாரையாவது விட்டுத் தழும்பை மறுபக்கத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அவளே ஒரு நாள் அந்தத் தெரு வழியாக வந்து நிமிர்ந்து பார்த்து, இது நான் இல்லை என்று போய்விடக் கூடாது.